மூன்றாவது அடுப்பு

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். முழங்கால் மட்டும் மாடிப்படி ஏறும்போதெல்லாம் ‘நானும் இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டே வருகிறது. உன் கையில் பட்ட சூட்டுக் காயம் ஆறிவிட்டதா? உன் மனைவி, பிள்ளைகள் எல்லோரும் சௌக்கியம்தானே?

நேற்றுப் பொதுக்குழுவில் உன்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. பேக்கரிச் சங்கத்துக் கூடத்துக்குள் நீ உறுப்பினர், நான் ஊழியர். சங்கத் தொலைபேசியிலும் குடும்பக் கதை பேசமாட்டேன். இது என் காகிதம், என் தபால்தலை.

சந்தாக் குழுவில் மூன்று பேரில் ஒருவனாக உன்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பதினோரு வருஷமாக எல்லோருக்கும் ஒரே சந்தா. எண்பது பேர் வேலை பார்க்கும் ரொட்டித் தொழிற்சாலை வைத்திருக்கிறாரே நீளடுப்பு முதலாளி, அவருக்கும் அதுதான். தானே மாவு பிசைந்து, தானே சுட்டு, தானே விற்கும் மூன்றடுப்பு அம்மாவுக்கும் அதுதான். அந்தச் சந்தாவில்தான் நானும் சங்கப் பரிசோதகர் கண்ணாடிக்காரரும் பிழைக்கிறோம். உனக்கு அவரைத் தெரியும். ஊர் ஊராகப் போய் ஒவ்வொரு பேக்கரியிலும் புகைபோக்கியின் அடியில் சின்னக் கண்ணாடியை நீட்டி, “வானம் தெரியுது” என்று சொன்ன பிறகுதான் கையெழுத்துப் போடுவார். தெரியாவிட்டால் புகை வழியில் அடைப்பு என்று அர்த்தம், அடுப்பை மூட்ட விடமாட்டார், முதலாளி தலைகீழாக நின்றாலும் சரி.

ஒரே ஒரு வேண்டுகோள். குழுவில் என் சம்பளத்தைப் பற்றி வாயைத் திறக்காதே. ‘அக்காவுக்காகப் பேசுகிறான்’ என்று சொல்ல நாலு பேர் காத்திருக்கிறார்கள்.

அக்கா


ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கைக்காயம் ஆறி, தழும்பும் கறுத்துவிட்டது. எல்லோரும் நலம். உன் முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கச் சொல்கிறாள் என் மனைவி. சொன்னால் நீ கேட்கமாட்டாய் என்றும் அவளே சொல்கிறாள்.

மாவு பிசைகிற நேரமெல்லாம் எனக்கு இதே யோசனைதான். எல்லோருக்கும் ஒரே சந்தா என்பது நியாயமே இல்லை. ஆனால் எதை வைத்துப் பிரிப்பது? நேற்றுதான் பொறி தட்டியது. அடுப்புக்கு இவ்வளவு! ஒரு அடுப்பு வைத்திருப்பவருக்கு ஒரு பங்கு, இரண்டு என்றால் இரண்டு. அடுப்பை யாரும் சட்டைப்பைக்குள் ஒளித்து வைக்க முடியாது. என்னிடம் இரண்டு இருக்கிறது, ஆகவே எனக்கே சந்தா கூடும். சுயநலத்துக்காகச் சொல்கிறான் என்று பேச ஒருவர் நாக்கும் புரளாது.

வீட்டில் சொன்னேன். “அப்படியே சமையல்கட்டு அடுப்பையும் எண்ணிடாதீங்க” என்றாள்.

நீ சொன்னபடி உன் சம்பளத்தைப் பற்றிப் பேசமாட்டேன். ஆனால் உன்னிடம் கேட்கலாம் அல்லவா? மாதாமாதம் ஒழுங்காக வருகிறதா?

உன் தம்பி


பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு எல்லாம் வழக்கம்போல. எண்ணெய் தேய்த்தேன் என்று உன் மனைவியிடம் சொல். பொய்தான், இருந்தாலும் சொல்.

சந்தா எப்படி இருக்க வேண்டும் என்று ஊழியர் சொல்லக் கூடாது, அதில்தான் எங்கள் சம்பளம் இருக்கிறது. அக்கா சொல்லலாமா என்றும் எனக்குத் தெரியவில்லை. ஆகவே சொல்லவில்லை, கேட்கிறேன். அடுப்பெல்லாம் ஒன்றா? நீளடுப்பு முதலாளியின் தொழிற்சாலையில் இருப்பது ஒரே அடுப்பு. இந்த முனையில் மாவு போனால் அந்த முனையில் ரொட்டியாக வரும், உன் கடையும் வீடும் சேர்ந்தாலும் அவ்வளவு நீளம் வராது. மூன்றடுப்பு அம்மாவுடையது மூன்றும் சேர்ந்து ஒரு கட்டில் அளவு. மூன்றுக்கும் புகைபோக்கிகூட ஒன்றுதான். அதிலும் மூன்றாவது அடுப்பு பள்ளிக்கூடத்துக்கு பன் கேட்கிற மாதங்களில் மட்டும்தான் எரியும், மற்ற நாளில் அதற்குள் காலி டின் அடுக்கி வைத்திருப்பார்.

அடுப்புக்குப் பதிலாக எத்தனை மூட்டை மாவு வாங்குகிறார்கள் என்று எண்ண முடியாதா? யோசித்துப் பார்.

அந்த அம்மா நேற்று வந்திருந்தார். ரசீதில் இன்னும் செத்துப்போன புருஷன் பேரைப் போடுகிறேன் என்று சண்டை. “அவரா வந்து மாவு பிசையறாரு? என் பேரைப் போடுங்கம்மா!” போட்டுக் கொடுத்தேன். அதைப் பத்து தடவை படித்துவிட்டுத்தான் மடித்தார்.

பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்.

அக்கா


ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுத இத்தனை நாளானதற்கு மன்னித்துக்கொள். இங்கு எல்லோரும் நலம், சின்னவனுக்கு மட்டும் நாலு நாள் காய்ச்சல் வந்து போனது. நீ எப்படி இருக்கிறாய்?

நான் ஊர் திரும்பியதிலிருந்து கால் தரையில் படவில்லை. நீயும் அந்தச் சிறப்புப் பொதுக்குழுவில்தான் இருந்தாய், பார்த்தாயே! தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. மாவு மூட்டைக் கணக்கு என்று குழுவில் நான் ஆரம்பித்ததுமே கேக் கடைக்காரர் எழுந்துவிட்டார். “மூட்டைக் கணக்கைக் காட்டினா நாளைக்கு வரிக்காரன் வாசல்ல நிப்பான், நீ வந்து பதில் சொல்வியா?” என்றார். அவர் சொன்னதும் சரிதானே? அதனால் அடுப்புக்கே வந்துவிட்டோம்.

நீளடுப்பு முதலாளி தானாகவே எழுந்து, “இந்தத் தம்பி சொல்றதுதான் நியாயம், நாமெல்லாம் சின்னவங்கள நினைச்சுப் பாக்கணும்” என்று பேசினாரே, எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அவரைப் பற்றி நாமெல்லாம் தப்பாக நினைத்துவிட்டோம்.

நீ சொன்னதையும் மறக்கவில்லை. ‘பயன்படாத அடுப்பைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டால் அதற்குச் சந்தா கிடையாது, சங்கப் பரிசோதகர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்’ என்ற வரியை நான்தான் சேர்த்தேன். மூன்றடுப்பு அம்மாவை நினைத்துத்தான் சேர்த்தேன்.

சம்பளத்தைப் பற்றிக் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை.

உன் தம்பி


மே 11

அன்புள்ள தம்பிக்கு,

நலம். சின்னவன் இப்போது சரியாகச் சாப்பிடுகிறானா?

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். புதுச் சந்தாவின்படி நீளடுப்பு முதலாளி கட்ட வேண்டியது போன வருஷம் கட்டியதில் முக்கால் பங்குதான். அவருக்கு அடுப்பு ஒன்று. மறுநாளே ஆள் விட்டுக் கட்டி, ரசீதும் வாங்கிவிட்டார். அவரை மாதிரியே இன்னும் ஆறு பெரியவர்கள்.

சின்னவர்களில் பாதிப் பேர் கட்டவில்லை. கட்டியவர்களில் நிறையப் பேர் ஆளுக்கொரு அடுப்பைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். சந்தாவைக் குறைக்கத்தான். நேற்று ஒருவர், ‘சங்கத்தால் என் வீட்டில் ஒரு அடுப்பு அணைந்தது’ என்று அஞ்சலட்டையில் எழுதியிருந்தார். கண்ணாடிக்காரர் வாரத்தில் ஆறு நாளும் அடைத்த அடுப்பு பார்க்கவே ஓடுகிறார். மூன்றடுப்பு அம்மா மட்டும், “நான் கட்டுறேன், அடுப்பை அடைக்க மாட்டேன், அது இன்னும் சாகல” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். இன்னும் கட்டவில்லை.

உன்னைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. கேள்வி கேட்டேனே தவிர, அன்றைக்கு நானும் விடையைச் சொல்லவில்லை.

அக்கா


மே 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. பிள்ளைகள் நலம்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காகிவிட்டது. தீர்மானத்தைத் திருத்தலாம் என்று கடிதம் போட்டேன். விதிப்படி அடுத்த ஜனவரிப் பொதுக்குழு வரை கைவைக்க முடியாதாம். அதுவரைக்கும் செலவைக் குறைக்கச் சொல்லி, அந்த வேலையையும் எங்கள் குழுவிடமே கொடுத்துவிட்டார்கள். சங்கத்துக்கு இருப்பதே இரண்டு ஊழியர். ஒருவரை நிறுத்த வேண்டும்.

மூன்று பேரில், கேக் கடைக்காரர் கண்ணாடிக்காரர் இருக்கட்டும் என்கிறார். இன்னொருவர் நீளடுப்புத் தொழிற்சாலையின் மானேஜர். அவர்களுக்குச் சொந்தமாகவே இஞ்சினியர் இருக்கிறார், அதனால் ஆபீஸ் இருந்தால் போதும் என்கிறார். மிச்சம் நான். எந்தப் பக்கம் கை தூக்கினாலும் அந்தப் பக்கம்தான் முடிவு.

கணக்குப் புத்தகத்தை எங்களுக்கு அனுப்பியிருந்தார்கள். அக்கா, நீ போன நவம்பரிலிருந்து சம்பளமே எடுக்கவில்லை. கண்ணாடிக்காரருக்கு மட்டும் மாதாமாதம் கொடுத்திருக்கிறாய். வீட்டு வாடகைக்கு என்ன செய்தாய்? என்னிடம் ஏன் சொல்லவில்லை? ஐம்பத்து நாலு வயதில் உன்னை வேறு எங்கே வேலைக்கு எடுப்பார்கள்?

நான் என்ன செய்ய வேண்டும் என்று எழுது.

உன் தம்பி


மே 24

தம்பிக்கு,

நலம்.

கண்ணாடிக்காரரை வைத்துக்கொள்ளுங்கள். ஆபீஸ் பூட்டிக் கிடந்தால் கடிதம் தேங்கும், அவ்வளவுதான். ஊரெல்லாம் கண்டபடி அடுப்பை அடைத்துக்கொண்டிருக்கிற நேரம் இது. அவர் போகாவிட்டால் என்ன ஆகும் என்று அடுப்போடு பிழைக்கிற உனக்கு நான் சொல்லத் தேவையில்லை.

வாடகையைப் பற்றி நீ கவலைப்படாதே. இதை ஊழியராகச் சொல்லவில்லை, அக்காவாகச் சொல்கிறேன். எனக்கு எதிராகக் கை தூக்கு.

அக்கா


ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். உன் நலத்தைப் பற்றி எழுது. ஒரு வாரமாக மழை, ரொட்டியெல்லாம் நமத்துப் போகிறது. மாவு பிசையும் மிஷின் பெல்ட் அறுந்து இரண்டு நாள் கையால் பிசைந்தேன். பெரியவளுக்கு முன் பல் விழுந்துவிட்டது. சிரித்தால் உன்னை மாதிரியே இருக்கிறாள் என்கிறாள் என் மனைவி.

குழு கூடியது. எல்லாம் ஒரு வழியாக முடிந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்று வைத்துக்கொள். நீ நிம்மதியாக இரு.

உன் தம்பி


ஜூலை 9

தம்பிக்கு,

என்ன முடிந்தது என்று நீ எழுதவில்லை. எழுதாவிட்டால் எனக்குத் தெரியாதா? தீர்மானத்தைத் தட்டச்சு செய்தது யார் என்று நினைத்தாய்? யார் யார் எந்தப் பக்கம் கை தூக்கினார்கள் என்று மூன்று நகல் எடுத்து, கண்ணாடிக்காரரின் நகலை நானே அவர் கையில் கொடுத்தேன்.

அவருக்கு அது பதினேழு வருஷ வேலை. கண்ணாடியைத் துடைத்து என் மேஜைமேல் வைத்தார். “சங்கத்துச் சொத்தும்மா, வச்சுக்குங்க” என்றார். ‘தம்பி அக்காவை விட்டுக்கொடுக்கல’ என்று அவர் நினைத்திருப்பார். அதுதானே நிஜமும்!

மறுபடியும் நீளடுப்புக்காரர் பக்கம்தான் உன் கை போயிருக்கிறது. முதல் தடவை தெரியாமல் தூக்கினாய். இந்தத் தடவை பாசத்தில் தூக்கினாய். எனக்குக் கோபமாக வருகிறது. அழுகையும் வருகிறது. இந்த மாதச் சம்பளத்தை எடுத்தேன், ஏனென்றால் வீட்டுக்காரர் வாசலில் நிற்கிறார். அது உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

பெரியவளுக்கு என் முத்தம்.

அக்கா


ஆகஸ்ட் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? ஜூலைக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. நானும் வெட்கப்பட்டு எழுதாமல் இருந்துவிட்டேன்.

மாவு லாரி ஓட்டுகிறவர் காலையில் ஒரு செய்தி சொன்னார். மூன்றடுப்பு அம்மா பேக்கரிக்குள்ளேயே இறந்து கிடந்தாராம். நெருப்பில்லை, காயமில்லை, புகை என்கிறார். கூட இருந்த மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். அவர் கேட்டதைத் தப்பாகச் சொல்கிறாரா? அந்த அம்மா அடுப்பை அடைக்கமாட்டேன் என்றுதானே சொன்னார்? உண்மை என்னவென்று உடனே எழுது. இன்றைக்கு நான் மாவில் கை வைக்கவில்லை.

உன் தம்பி


செப்டம்பர் 14

அக்கா,

உன் உடம்புக்கு ஒன்றுமில்லையே? சங்கத்துக்குப் போன் செய்தேன். என் குரலைக் கேட்டதும், “உறுப்பினர் எண் சொல்லுங்க” என்றாய். சொன்னேன். வைத்துவிட்டாய்.

திட்டியாவது நாலு வரி எழுது.

தம்பி


அக்டோபர் 5

அன்புள்ள தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்கமாட்டேன்.

மூன்றாவது அடுப்பை அந்த அம்மா தன் கையாலேயே செங்கல்லும் சேறும் வைத்து அடைத்திருக்கிறார். அடுப்பின் வாயை மட்டும் அடைத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. சங்கத்திலிருந்து ஆள் வந்தால் குறை சொல்லக் கூடாது என்று, உள்ளே புகை போகிற துவாரம் வரைக்கும் செங்கல்லைத் தள்ளித் தள்ளி அடைத்திருக்கிறார். அது போய்ப் பொதுப் புகைபோக்கியின் அடியை அடைத்துக்கொண்டது. அன்றைக்கு நல்ல மழை. கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவும் மகளும் மற்ற இரண்டு அடுப்பையும் மூட்டியிருக்கிறார்கள். மகள் தண்ணீர் எடுக்க வெளியே வந்து வாசலிலேயே விழுந்தாள். அதனால் பிழைத்தாள்.

கண்ணாடிக்காரரை யாரும் கூப்பிடவில்லை. தானாக ஆபீஸுக்கு வந்து, என் மேஜையிலிருந்து கண்ணாடியை எடுத்துக்கொண்டு போனார். சாயங்காலம் திரும்பி வந்து எடுத்த இடத்திலேயே வைத்தார். “வானம் தெரியலம்மா” என்றார். அவரைத் திரும்ப வேலைக்கு வரச் சொல்லி நான் போய்க் கேட்டேன், என் இடத்தை விட்டுக்கொடுக்கிறேன் என்றும் சொன்னேன். கும்பிட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

விபத்து உதவி நிதியிலிருந்து மகளுக்கு ஏதாவது கொடுக்கச் சொன்னேன். அடைத்த அடுப்புக்குப் பரிசோதகர் கையெழுத்து இல்லை, ஆகவே விதியில் இடமில்லை என்று எழுதிவிட்டார்கள். அந்தப் பதிலையும் நானே தட்டச்சு செய்தேன்.

இனி உனக்குச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்கிறேன். ஆகஸ்ட் முதல் வாரம் அந்த அம்மாவின் சந்தா வந்தது. கூடவே ஒரு துண்டுக் காகிதம். ‘மூணாவது அடுப்ப அடைச்சுட்டேன். ரெண்டுக்கு மட்டும் பணம் வச்சிருக்கேன். நம்பலேன்னா ஆள அனுப்பிப் பாத்துக்குங்க.’ ஆள் இல்லை என்று பதில் எழுத உட்கார்ந்தேன். எழுத வெட்கமாக இருந்தது. அந்த ஆளின் சம்பளத்தில்தானே நான் உட்கார்ந்திருக்கிறேன்! அலைய விட வேண்டாம், பாவம், ரசீது கிடைத்தால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். ‘பரிசோதித்தவர்’ என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். பார்க்காமல் போட்டேன், அது பரிசோதகர் கையெழுத்து ஆகாது என்று தெரிந்தே போட்டேன். பத்தொன்பது வருஷத்தில் நான் மீறிய விதி அது ஒன்றுதான். ரசீதை அவர் பேரிலேயே எழுதி அனுப்பினேன்.

நீ என்னை நினைத்துக் கை தூக்கினாய். உன்னைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? போனில் உன் குரலைக் கேட்டதும் அதைத்தான் நினைத்தேன், அதனால்தான் வைத்துவிட்டேன்.

நேற்று மகள் வந்திருந்தாள். இன்னும் இருமல் விடவில்லை. அம்மாவின் ரசீதை நீட்டி, “இதை என் பேருக்கு மாத்திக் குடுங்கம்மா” என்றாள். செங்கல்லையெல்லாம் எடுத்துவிட்டாளாம். “ஆள் வந்து பாத்துச் சரின்னு சொல்லிட்டா மூட்டிடுவேன். எப்பம்மா வருவாங்க?”

கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டு நானே அவளோடு போனேன். அந்த அறையில் மாவு மூட்டை பிரித்தபடியே கிடக்கிறது. முழங்கால் மடங்கவில்லை, தரையில் உட்கார்ந்து நகர்ந்துதான் போனேன். புகைபோக்கியின் அடியில் கண்ணாடியை நீட்டினேன். எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. எப்படித் திருப்பினாலும் என் முகம்தான் தெரிந்தது.

“வானம் தெரியுதாம்மா?” என்று பின்னாலிருந்து கேட்டாள்.

மூட்டாதே என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த அடுப்பை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்.

அக்கா